வீட்டில் லேண்ட்லைனும் நெட் போனும் சேர்ந்தே: எது கெட்டால் எங்கே பார்ப்பது

பழைய லேண்ட்லைன் எண்ணை விட மனமில்லை, ஏனென்றால் அது சொந்தக்காரர்கள் எல்லாருடைய டைரியிலும் இருக்கிறது. அதே சமயம் வீட்டுக்கு ஃபைபர் வந்தாயிற்று. மாடிக்கும் கீழுக்கும் பேச, லேண்ட்லைன் மணியை மொபைலிலேயே எடுக்க, நெட் போன் வசதி வேண்டும். இப்படி இரண்டையும் சேர்த்து வைத்திருக்கும் தமிழ்நாட்டு வீடு ஒன்றை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பொருட்கள் மூன்று: ஃபைபர் ரவுட்டர், லேண்ட்லைனையும் சாதாரண போனையும் நெட்டோடு சேர்க்கும் ஏடிஏ பெட்டி (கிராண்ட்ஸ்ட்ரீம் ஹெச்டி813 மாதிரி; இனி 'பெட்டி'), அழைப்புகளைப் பிரித்து அனுப்ப ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் (இனி 'பை') ஓடும் ஆஸ்டரிஸ்க் மென்பொருள். மொபைலில் லின்போன் அல்லது சோய்ப்பர் ஆப்.

எது கெட்டாலும் பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து நாலு இடத்தில் டிக் அடிப்பதுதான் பலரும் முதலில் செய்யும் வேலை. அதைச் செய்யாதீர்கள். குறை லேண்ட்லைன் பக்கமா, நெட் பக்கமா என்று தெரியும்வரை எந்த அமைப்பையும் தொட வேண்டாம். அதைத் தெரிந்துகொள்ளப் பத்து ரூபாய் செலவு இல்லை: ஒரு சாதாரண போனை எடுத்துச் சுவரில் இருக்கும் ரோசெட் பாக்ஸில் நேரே சொருகுங்கள். அதிலும் குறை இருந்தால் லைன்மேன் வேலை. அதில் சரியாக இருந்தால் உங்கள் வேலை.

முதலில் அந்த இரண்டு போர்ட்

பெட்டியின் பின்னால் ஒரே மாதிரி இரண்டு சின்ன ஓட்டைகள் இருக்கும். ஒன்றில் போன் என்றும் மற்றதில் லைன் என்றும் போட்டிருக்கும். கையேட்டில் அவை எஃப்எக்ஸ்எஸ், எஃப்எக்ஸ்ஓ. போன் போர்ட் தானே மின்சாரம் கொடுக்கும், டயல் டோன் கொடுக்கும், மணி அடிக்க வைக்கும். லைன் போர்ட் இதையெல்லாம் எக்ஸ்சேஞ்சிலிருந்து வாங்கிக்கொள்ளும். போன் போர்ட்டில் கைக்கருவியும் லைன் போர்ட்டில் சுவர் ஒயரும் போக வேண்டும்.

மாற்றிச் சொருகினால் என்ன ஆகும்? போனைக் கீழே வைத்திருக்கும்போது லேண்ட்லைன் ஒயரில் 48 வோல்ட் டிசி நிற்கிறது. மணி அடிக்கும்போது அதன் மேல் 75 வோல்ட் அளவுக்கு ஏசி ஏறும். தானும் மின்சாரம் தருகிற போன் போர்ட்டில் இதைக் கொண்டுபோய்ச் சேர்த்தால், முதல் அழைப்பு வரும்வரை ஒன்றும் தெரியாது. மணி அடித்த நொடியில் பெட்டி போய்விடலாம். "நேற்று வரை நன்றாக இருந்தது, யாரோ கூப்பிட்டார்கள், பச்சை விளக்கு அணைந்துவிட்டது" என்று யாராவது சொன்னால், ஒயர் எந்த ஓட்டையில் இருந்தது என்று கேளுங்கள்.

இன்னொரு வகையும் உண்டு. வீடு கட்டும்போதே எல்லா அறைக்கும் டெலிபோன் ஒயர் இழுத்திருப்பார்கள். பெட்டியின் போன் போர்ட்டிலிருந்து ஒரு ஒயரை ஏதோ ஒரு அறையின் சாக்கெட்டில் சொருகினால் வீடு முழுக்க நெட் போன் மணி அடிக்கும் என்று நினைப்பது இயல்பு. அடிக்கும்தான், ஆனால் அந்த ஒயரிங்கை வெளியிலிருந்து வரும் லைனிலிருந்து முதலில் கழற்றியிருக்க வேண்டும். கழற்றாமல் செய்தால் அதுவும் மேலே சொன்ன அதே விபத்துதான்.

போனை எடுத்தால் டயல் டோன் இல்லை, அல்லது வேறு மாதிரி இருக்கிறது

இந்திய எக்ஸ்சேஞ்ச் டயல் டோன் 400 ஹெர்ட்ஸ் ஒலி, அதோடு 25 ஹெர்ட்ஸ் அதிர்வு கலந்தது. காதுக்கு லேசாக உறுமுகிற மாதிரி கேட்கும். பெரும்பாலான ஏடிஏ பெட்டிகள் தொழிற்சாலையிலிருந்து அமெரிக்க டோனோடு வருகின்றன; அது 350, 440 ஹெர்ட்ஸ் கலவை, வழவழப்பாக ஒரே சீராக இருக்கும். பெட்டி வாங்கிய உடனே டோனை இந்தியாவுக்கு மாற்றச் சொல்லிப் பலர் எழுதுகிறார்கள். போன் போர்ட் டோனை மாற்றாமல் விடுவதுதான் நல்லது என்பது என் கருத்து. போனை எடுத்த மாத்திரத்தில் இது பெட்டியின் டோனா, எக்ஸ்சேஞ்ச் டோனா என்று காதே சொல்லிவிடும். ரிப்பேர் பார்க்கும்போது இதைவிட விரைவான சோதனை கிடையாது.

வழவழப்பான டோன் கேட்டால் பெட்டிக்கும் போனுக்கும் நடுவில் எல்லாம் சரி. உறுமும் டோன் கேட்டால் பெட்டிக்குக் கரண்ட் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் போனை நேரே லேண்ட்லைனோடு இணைத்துவிடும் ரிலே பல பெட்டிகளில் இருக்கிறது. எதுவுமே கேட்கவில்லை என்றால் கைக்கருவி ஒயரை மாற்றிப் பாருங்கள், சுருள் ஒயர் உட்பட. டோன் வந்து, எண் அழுத்தத் தொடங்கியும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் போன் பழைய பல்ஸ் முறையில் இருக்கிறது. பக்கவாட்டில் 'டி', 'பி' என்று ஒரு சின்னத் தள்ளி இருக்கும். 'டி' பக்கம் தள்ளுங்கள். சுழற்றும் டயல் வைத்த பழைய போன் என்றால், பல்ஸை ஏற்கும் பெட்டிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல பெட்டிகள் ஏற்காது.

பதிவு ஆகவில்லை

பெட்டி ஆஸ்டரிஸ்கிடம் தன்னைப் பதிவு செய்துகொண்டால்தான் அழைப்பு வரும், போகும். பதிவு ஆகாவிட்டால் பதிவேட்டில் (லாக்) வரும் மூன்று இலக்க எண்ணைப் பாருங்கள். 401 வந்து அடுத்த வரியில் 200 வந்தால் அது குறையே அல்ல, கடவுச்சொல் கேட்டு வாங்கிக்கொள்ளும் வழக்கமான நடைமுறை. 401 திரும்பத் திரும்ப வந்தாலும் 403 வந்தாலும் பயனர் எண் அல்லது கடவுச்சொல் தப்பு. 408 என்றால் பதிலே வரவில்லை: ஐபி முகவரி மாறியிருக்கும் அல்லது பையின் ஃபயர்வால், அழைப்புச் செய்திகள் வந்துசேரும் 5060 என்ற நெட்வொர்க் போர்ட்டை (இது ஓட்டை அல்ல, எண்) அடைத்திருக்கும். பதிவெல்லாம் ஆகிவிட்டது, ஆனால் கூப்பிட்டால் 488 வருகிறது என்றால் இரு பக்கமும் ஒரே கோடெக்கை (குரலை நெட்டில் அனுப்ப மாற்றும் முறை) ஒத்துக்கொள்ளவில்லை. இந்தியாவில் ஜி.711 ஏ-லாவை இரு பக்கமும் முதலில் வைத்தால் இந்தப் பிரச்சினை வராது.

ஹெச்டி813இல் போன் போர்ட்டுக்கும் லைன் போர்ட்டுக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும். ஒரே பயனர் எண்ணை இரண்டுக்கும் கொடுத்தால் ஒன்று பதிவாகும்போது மற்றது விழும், மாறி மாறி. பெட்டியின் ஐபி தெரியவில்லை என்றால், அதில் இணைத்த போனில் மூன்று முறை நட்சத்திரம் அழுத்தி 02 போடுங்கள். அதுவே வாயால் சொல்லும்.

நான் பேசுவது கேட்கிறது, அவர்கள் பேசுவது கேட்கவில்லை

நெட் போனில் அடிக்கடி வரும் புகார் இதுதான், நெட் வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நெட் போன்கள் பயன்படுத்தும் எஸ்ஐபி முறையில் மணி அடிப்பது, எடுப்பது, வைப்பது ஒரு வழியில் போகிறது. குரல் வேறு வழியில் போகிறது. அழைப்பு தொடங்கும்போது ஒவ்வொரு பக்கமும் "எனக்கான குரலை இந்த முகவரிக்கு, இந்தப் போர்ட்டுக்கு அனுப்பு" என்று எழுதிக் கொடுக்கும். வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் போன் தன் முகவரியாக 192.168 என்று தொடங்கும் வீட்டு எண்ணை எழுதிவிடும். வெளியில் இருப்பவருக்கு அந்த எண் எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்காது. மணி அடிக்கும், எடுக்கலாம், குரல் மட்டும் ஒரு பக்கம் காணாமல் போகும்.

யாருக்குக் கேட்கவில்லை என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். உங்களுக்கு மட்டும் கேட்கவில்லை என்றால் உங்கள் வீட்டு வாசலில்தான் தடை. அவர்களுக்கு மட்டும் கேட்கவில்லை என்றால் அவர்கள் பக்கத்து முகவரியைப் பாருங்கள்.

அடுத்த கேள்வி: இரண்டு போனும் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றனவா? இருந்தும் ஒரு வழிக் குரல் என்றால் வீட்டுக்குள் இரண்டு ரவுட்டர்கள் ஓடுகின்றன என்று சந்தேகப்படுங்கள். ஃபைபர்காரர் வைத்துவிட்டுப் போன ஓஎன்டி பெட்டியே ஒரு ரவுட்டர். அதன் பின்னால் நாம் வாங்கிய வைஃபை ரவுட்டரையும் மாட்டியிருப்போம். மொபைலின் ஐபி 192.168.1 என்றும் பெட்டியின் ஐபி 192.168.0 என்றும் இருந்தால் கதை அதுதான். நம் ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றினால் தீர்ந்தது. விருந்தினருக்கான கெஸ்ட் வைஃபையில் மொபைல் இருந்தாலும் இதே நிலைதான். அதில் இருக்கும் கருவிகள் வீட்டிலுள்ள மற்றவற்றைப் பார்க்க முடியாதபடி ரவுட்டர் தடுத்து வைத்திருக்கும்.

ஒரு போன் வெளியில் இருந்தால் ஆஸ்டரிஸ்கில் மூன்று இடம் பாருங்கள். வெளி முகவரியும் வீட்டு வலையும் எது எது என்று சொல்லியிருக்க வேண்டும். டைரக்ட் மீடியாவை அணைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆஸ்டரிஸ்க் நடுவிலிருந்து விலகிக்கொண்டு இரண்டு போன்களையும் நேருக்கு நேர் பேசச் சொல்லிவிடும். குரல் எந்த முகவரியிலிருந்து வருகிறதோ அங்கேயே திருப்பி அனுப்பும் ஆர்டிபி சிமெட்ரிக்கை இயக்கியிருக்க வேண்டும். ஆஸ்டரிஸ்க் குரலுக்கு வழக்கமாக எடுத்துக்கொள்வது 10000 முதல் 20000 வரையிலான யூடிபி போர்ட்டுகள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்று ஒன்று இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். முகவரிப் பிரச்சினையைத் தானே சரிசெய்வதாகச் சொல்லி உள்ளே நுழைந்து, பாதி முகவரியை மாற்றி மீதியை அப்படியே விட்டுவிடும் வசதி அது. கல்யாண வீட்டில் கேட்காமலேயே பந்தி பரிமாற வந்து சாம்பாரை இலையில் பாதியும் மடியில் பாதியும் ஊற்றும் ஆள் மாதிரி.

போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை ரவுட்டர் பைக்கு அனுப்பும் ஏற்பாடு) செய்தும் வெளியிலிருந்து எதுவும் வரவில்லையா? ரவுட்டர் காட்டும் வெளி ஐபி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், உங்களுக்கென்று தனிப் பொது ஐபி இல்லை. ஒரே ஐபியைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. அங்கே ஃபார்வர்டிங் செய்வதில் பயனில்லை. டெயில்ஸ்கேல் மாதிரி ஒரு விபிஎன் (இணையத்தின் மேல் போடும் தனி வலை) போட்டு மொபைலையும் பையையும் அதற்குள் கொண்டுவாருங்கள். பொது ஐபி இருந்தாலும் நான் இதையே சொல்வேன். காரணம் கீழே, நள்ளிரவு மணியில் வருகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டில் இருக்கும் மகனோ மகளோ ஆப் வழியாக வீட்டு நெட் போனுக்கு மணி அடித்து அம்மாவிடம் பேசுவது ஒன்று. அதே ஆப்பிலிருந்து வரும் அழைப்பை வீட்டு லேண்ட்லைன் வழியாக ஊரில் உள்ள மற்ற எண்களுக்குத் திருப்பிவிடுவது வேறு. இரண்டாவது இந்தியச் சட்டப்படி குற்றம். சட்டவிரோத டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் என்று செய்திகளில் வருவது பெரிய அளவில் இதே வேலைதான். வெளியிலிருந்து பதிவாகும் எண்களுக்கு லைன் போர்ட்டுக்கான வழியையே ஆஸ்டரிஸ்கில் எழுதாதீர்கள்.

அரை நிமிடத்தில் அறுந்துவிடுகிறது

கடிகாரம் வைத்துப் பாருங்கள். சரியாக 32 வினாடி என்றால் காரணம் ஒன்றுதான். எடுத்த பக்கம் "எடுத்துவிட்டேன்" என்று சொன்ன செய்திக்குக் கூப்பிட்ட பக்கத்திலிருந்து ஒப்புதல் வர வேண்டும். அது வழியில் தொலைந்தால் எடுத்த பக்கம் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டு 32ஆவது வினாடியில் வைத்துவிடும். குரல் நன்றாகவே கேட்டுக்கொண்டிருக்கும், பேச்சு நடுவில் அறும். மருந்து முன்னால் சொன்னதுதான்: ஏஎல்ஜி, வெளி முகவரி.

பதினைந்து நிமிடத்திலோ அரை மணியிலோ அறுந்தால் அது செஷன் டைமர். 1800 வினாடி என்று வைத்து, பாதியில் ஒருமுறை "இருக்கிறாயா" என்று கேட்கும் ஏற்பாடு. இரு பக்கத்திலும் அதை அணைத்துப் பார்த்து, சரியானால் அப்படியே விட்டுவிடலாம். நேரக் கணக்கே இல்லாமல் கண்டபடி அறுந்தால் வைஃபையைப் பாருங்கள்.

கூப்பிட முடிகிறது, ஆனால் வரும் அழைப்புக்கு மணி அடிக்கவில்லை

இது வெளிச் சர்வரிடம் பதிவாகும் போன்களுக்கு வரும் குறை. ரவுட்டர் வழியாக வெளியே போன செய்திக்குப் பதில் வர ஒரு கதவு திறந்திருக்கும். சும்மா இருந்தால் பல ரவுட்டர்கள் அரை நிமிடம் முதல் சில நிமிடங்களுக்குள் அதை மூடிவிடும். பெட்டியோ ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் மறுபதிவு செய்யும். நடுவில் வரும் அழைப்புகள் வாசலோடு திரும்பிவிடும். நீங்கள் யாரையாவது கூப்பிட்ட உடனே சிறிது நேரம் உள்ளே வரும் அழைப்பும் வேலை செய்தால் இதுதான் குறை. அந்தக் கதவு மூடாமல் இருக்க அனுப்பும் சின்னச் செய்தியான கீப்-அலைவை 20 அல்லது 30 வினாடி என்று வையுங்கள்.

மொபைல் ஆப் மட்டும் அடிக்கவில்லை என்றால் ஆண்ட்ராய்டின் பேட்டரி சேமிப்பு ஆப்பைத் தூங்கவைத்திருக்கும். அந்த ஆப்புக்கு மட்டும் அதை விலக்கிவிடுங்கள்.

எதிராளி வைத்த பிறகும் லேண்ட்லைனை விட மாட்டேன் என்கிறது

கூப்பிட்டவர் வைத்துவிட்டார். ஆனால் பெட்டியின் லைன் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது, அதன்பின் யார் கூப்பிட்டாலும் எங்கேஜ்டு. ஆஸ்டரிஸ்கில் குரல் அஞ்சல் வைத்திருந்தால் அதில் பல நிமிடத்துக்கு டொய்ங் டொய்ங் என்று பதிவாகியிருக்கும். லேண்ட்லைனையும் நெட்டையும் சேர்க்கிற எல்லா வீட்டிலும் ஒருமுறையாவது இது நடக்கும், சரிசெய்யக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

காரணம் இது. நெட்டில் ஒருவர் வைத்தால் "வைத்துவிட்டேன்" என்று தெளிவாக ஒரு செய்தி வரும். செம்புக் கம்பியில் பெரும்பாலும் அப்படி எதுவும் வராது. மனிதர் என்றால் பிஸி டோனைக் கேட்டுவிட்டுத் தானே வைத்துவிடுவார். பெட்டிக்கு அந்த டோன் என்னவென்று நாம்தான் சொல்லித்தர வேண்டும். அமெரிக்க அமைப்பில் அது எதிர்பார்ப்பது 480, 620 ஹெர்ட்ஸ் கலவை, அரை நொடி ஒலி, அரை நொடி மௌனம். இங்கே வருவதோ 400 ஹெர்ட்ஸ் மட்டும், முக்கால் நொடி ஒலி, முக்கால் நொடி மௌனம். லைன் நெரிசல் டோன் அதே 400 ஹெர்ட்ஸ், கால் நொடிக்குக் கால் நொடி. பெட்டி ஆயுசுக்கும் காத்திருக்கும், அந்த டோன் வராது.

லைன் போர்ட் பக்கத்தில் டோன் மூலம் துண்டிப்பு அறியும் வசதியை இயக்கி, 400 ஹெர்ட்ஸ், 750 ஒலி, 750 மௌனம் என்று கொடுங்கள். சில பெட்டிகள் இந்த எண்ணை மில்லி நொடியில் கேட்கும், சில பத்து மில்லி நொடி அலகில். இரண்டாவது என்றால் 75 என்று எழுத வேண்டும். ஏற்கெனவே அங்கே இருக்கும் அமெரிக்க எண்ணைப் பார்த்தால் எந்த அலகு என்று புரிந்துவிடும்: அரை நொடிக்கு 500 என்று இருக்கிறதா, 50 என்று இருக்கிறதா?

இதைவிட நம்பகமான வழி லைனின் துருவம் திரும்புவது. எதிராளி எடுக்கும்போது எக்ஸ்சேஞ்ச் இரண்டு கம்பிகளின் பிளஸ், மைனஸை மாற்றும். வைத்ததும் பழையபடி திருப்பும். எல்லா லைனிலும் இது இருக்காது. இருக்கிறதா என்று பார்க்க ரோசெட் பாக்ஸின் மூடியைக் கழற்றி மல்டிமீட்டரை டிசியில் வைத்து இரண்டு திருகிலும் முனையை வையுங்கள். போன் கீழே இருக்கும்போது 48க்குப் பக்கத்தில் காட்டும். எடுத்தால் பத்து வோல்ட்டை ஒட்டி இறங்கும். உங்கள் மொபைலைக் கூப்பிட்டு, அதை எடுக்கும் நொடியில் மீட்டரைப் பாருங்கள். எண்ணின் முன்னால் ஒரு கழித்தல் குறி முளைத்தால், அல்லது இருந்த குறி மறைந்தால், உங்கள் லைனில் அந்த வசதி இருக்கிறது; பெட்டியிலும் இயக்கிவிடுங்கள். குறி மாறவில்லை என்றால் இயக்கவே கூடாது. இயக்கினால் எதிராளி எடுத்ததே பெட்டிக்குத் தெரியாமல் போகும். இந்தச் சோதனையின்போது மணி அடித்தால் விரலில் சுரீர் என்று பிடிக்கும், திருகைத் தொடாதீர்கள்.

உங்கள் லேண்ட்லைனே இப்போது ஃபைபர் ஓஎன்டியின் போன் போர்ட் வழியாக வருகிறதென்றால் எக்ஸ்சேஞ்ச் இருப்பது அந்த ஓஎன்டிக்குள்தான். டோனும் துருவமும் அது கொடுப்பது. ஊரார் எண்ணை நம்பாமல் டோனை மொபைலில் பதிவுசெய்து, ஏதாவது ஒலி ஆப்பில் அலைவரிசையைப் பார்த்துப் போடுங்கள்.

லேண்ட்லைன் வழியாக மொபைலுக்குப் போகவில்லை

2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து எந்த மொபைலைக் கூப்பிட்டாலும் முன்னால் 0 சேர்க்க வேண்டும். ஆனால் மொபைல் ஆப்பின் தொடர்புப் பட்டியலில் +91 என்றோ வெறும் பத்து இலக்கமாகவோ இருக்கும். 6, 7, 8, 9இல் தொடங்கும் பத்து இலக்கம் வந்தால் லைன் போர்ட்டுக்குப் போகுமுன் 0 சேர்க்க வேண்டும், +91ஐ வெட்டிவிட்டு 0 போட வேண்டும் என்று டயல் பிளானில் (எந்த எண்ணை எப்படி அனுப்புவது என்ற விதிகள்) எழுதுங்கள்.

0 சேர்த்தும் "இந்த எண் உபயோகத்தில் இல்லை" என்று வந்தால், பெட்டி டயல் டோன் வருமுன்னரே எண்ணை அழுத்தி முதல் இலக்கம் விழுங்கப்பட்டிருக்கும். அதே ரோசெட்டில் ஒரு போனை இணையாக வைத்துக் காது கொடுத்தால் தெரிந்துவிடும். ஒரு நொடி தாமதம் வையுங்கள். டோனுக்காகக் காத்திரு என்ற அமைப்பை இயக்கினால் லைன் பக்கத்து டயல் டோனையும் 400 ஹெர்ட்ஸாக மாற்றியிருக்க வேண்டும். நான் முன்பு மாற்ற வேண்டாம் என்றது போன் போர்ட் டோனை.

எண்ணை அழுத்திவிட்டு நாலைந்து நொடி சும்மா இருந்து அதன் பிறகுதான் போகிறது என்றால், இன்னும் இலக்கம் வருமோ என்று பெட்டி காத்திருக்கிறது. சென்னையில் உள்ளூர் எண் 8 இலக்கம். கோவை, மதுரை, திருச்சியில் 7. வேறு ஊர்க்காரரின் டயல் பிளானை அப்படியே எடுத்துப் போட்டால் இந்தக் காத்திருப்பு வரும். அவசரத்துக்கு எண்ணின் கடைசியில் ஹேஷ் அழுத்தினால் உடனே போகும்.

இதையும் கட்டாயம் பாருங்கள்: வீட்டுப் போன்களுக்கு 100, 101, 102 என்று எண் கொடுத்திருக்கிறீர்களா? இணையத்தில் கிடைக்கும் பாதி உதாரணங்கள் அப்படித்தான் இருக்கின்றன. இங்கே 100 போலீஸ், 101 தீயணைப்பு, 108 ஆம்புலன்ஸ். ஆபத்தில் 101 அழுத்தினால் மாடியறைப் போன் மணி அடிக்கும். வீட்டு எண்களை 201இலிருந்து தொடங்குங்கள். 100, 101, 108, 112 வீட்டுக்குள் இருக்கும் எந்தப் போனில் அழுத்தினாலும் நேரே லைன் போர்ட் வழியாகப் போகட்டும்.

பேச்சு சரி, ஆனால் வங்கியின் "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்" வேலை செய்யவில்லை என்றால் பொத்தான் ஒலியை அனுப்பும் டிடிஎம்எஃப் முறை இரு பக்கமும் ஒன்றாக இல்லை. பெட்டி, ஆஸ்டரிஸ்க், ஆப் மூன்றிலும் ஆர்எஃப்சி 2833 (புதிய பெயர் 4733) என்று வையுங்கள்.

எதிரொலி, இரைச்சல், வெட்டி வெட்டிக் கேட்பது

எதிரொலி லேண்ட்லைன் வழி அழைப்பில் மட்டுமா, நெட்டுக்கு நெட்டிலுமா? லேண்ட்லைனில் மட்டும் என்றால் இரண்டு கம்பியில் போகும் குரல் பெட்டியில் பிரியும் இடத்தில் ஒரு பகுதி திரும்பி வருகிறது. லைன் போர்ட்டின் இம்பிடன்ஸ் (மின் எதிர்ப்பு) அமைப்பை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். 600 ஓம் பொருந்தாவிட்டால் நாட்டின் பெயரைத் தேர்ந்தெடுக்கும் வழி பல பெட்டிகளில் இருக்கிறது. ஒலி அளவை இரண்டு மூன்று டெசிபெல் குறைத்தாலும் நன்றாகக் குறையும். நெட்டுக்கு நெட்டிலும் எதிரொலித்தால் யாரோ ஸ்பீக்கரில் பேசுகிறார்கள்.

ம்ம்ம் என்ற ஹம் வந்தால் டெலிபோன் ஒயர் கரண்ட் ஒயரோடு ஒரே பைப்பில் போகிறதா என்று பாருங்கள். மழைக்கு மட்டும் கரகர என்றால் வெளி ஜாயின்ட், லைன்மேனைக் கூப்பிடுங்கள்.

வெட்டி வெட்டிக் கேட்டால் நெட் பிளானை உயர்த்த வேண்டியதில்லை. ஜி.711 அழைப்பு ஒன்றுக்கு ஒவ்வொரு திசையிலும் 90 கேபிபிஎஸ் கூட ஆகாது. சீரற்றுப் போவதுதான் கெடுக்கிறது. பெட்டியையும் பையையும் வைஃபையில் விடாமல் கேபிளில் மாட்டுங்கள். மொபைல் படங்கள் கிளவுடுக்கு ஏறும் நேரத்தில் மட்டும் குரல் உடைந்தால் ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

கூப்பிடுபவர் எண் தெரியவில்லை

திரை வைத்த சாதாரணப் போனை நேரே சொருகினால் எண் தெரிகிறதா? தெரியாவிட்டால் லைனில் அந்த வசதியே இல்லை, கேட்டு வாங்க வேண்டும். தெரிந்தால் பெட்டியின் காலர் ஐடி வகையை மாற்றுங்கள். பெல்கோர் வகையில் எண் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவில் வரும், ஆகவே பெட்டி முதல் மணியிலேயே எடுத்துவிட்டால் எண் கிடைக்காது. இரண்டு மணிக்குப் பிறகு எடுக்கச் சொல்லுங்கள். நம் ஊர் எக்ஸ்சேஞ்சுகள் பலவற்றில் டிடிஎம்எஃப் வகை வருகிறது, அதையும் போட்டுப் பாருங்கள்.

நடுராத்திரி மணி அடிக்கிறது, எடுத்தால் யாரும் இல்லை

திரையில் 100, 1000, 1001 மாதிரி எண். பேயும் இல்லை, லைன் கோளாறும் இல்லை. இணையத்தில் 5060 போர்ட் திறந்திருக்கும் முகவரிகளை இடைவிடாமல் தேடும் நிரல்கள் உங்கள் பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டன. உங்கள் பெட்டி வழியாக ஐஎஸ்டி கூப்பிட முடியுமா என்று பார்ப்பதுதான் அவற்றின் நோக்கம். மணி அடித்தால் தூக்கம்தான் போகும். ஆஸ்டரிஸ்கின் கடவுச்சொல் 201, 1234 மாதிரி இருந்தால் லேண்ட்லைன் பில்லும் போகும்.

ரவுட்டரில் 5060 ஃபார்வர்டிங்கையும், வெளியிலிருந்து வரும் எல்லாவற்றையும் ஒரு கருவிக்கு அனுப்பும் டிஎம்இசட்டையும் உடனே எடுத்துவிடுங்கள். பெட்டியில், பதிவு செய்த சர்வரிடமிருந்து வரும் எஸ்ஐபி செய்திகளை மட்டும் ஏற்கும் அமைப்பை இயக்குங்கள். லேண்ட்லைனில் ஐஎஸ்டி தேவையில்லை என்றால் அதைப் பூட்டிவைக்கச் சொல்லுங்கள். வெளியிலிருந்து போன் வர வேண்டுமானால் விபிஎன் வழியாகவே வரட்டும்.

கரண்ட் போனால், வந்தால்

செம்பு லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சே மின்சாரம் தருகிறது. உங்கள் வீட்டில் கரண்ட் போனாலும் அது பேசும். ஓஎன்டி, ரவுட்டர், பெட்டி, பை எல்லாம் நின்றுவிடும். ஆகவே ஒரு சாதாரணப் போனை ரோசெட்டிலேயே நேரே விட்டுவையுங்கள். ரிலே இருக்கும் பெட்டி என்றால் அதன் பவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போனை எடுத்து, உறுமும் டோன் கேட்கிறதா என்று ஒருமுறை சோதியுங்கள். நெட் போனும் ஓட வேண்டுமென்றால் மினி யுபிஎஸ் போதும், ஒவ்வொரு கருவியின் அடியிலும் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பார்த்து வாங்குங்கள். 12க்கும் 5க்கும் பிளக் ஒரே மாதிரி இருக்கக்கூடும்.

கரண்ட் வந்த பிறகு லேண்ட்லைன் பேசுகிறது, நெட் போன் மட்டும் செத்துக் கிடக்கிறது, பெட்டியை அணைத்துப் போட்டால் சரியாகிறது என்பது அடுத்த வழக்கமான புகார். எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து, ரவுட்டர் தயாராவதற்குள் பை வேறு ஐபியை எடுத்திருக்கும், அல்லது பை எழுவதற்குள் பெட்டி பதிவுக்கு முயன்று ஓய்ந்திருக்கும். ரவுட்டரில் பைக்கும் பெட்டிக்கும் ஐபியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். பதிவு தவறினால் மறுமுயற்சி 20 வினாடிக்கு ஒருமுறை என்று பெட்டியில் வையுங்கள். பிறகு மெயின் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டு, யாரும் எதையும் தொடாமல் ஐந்து நிமிடத்தில் 201 தானாக மணி அடிக்கிறதா என்று பாருங்கள்.